சங்கையாவுக்குக் கொடுத்த கை

யார் எதை நீட்டினாலும் வேலுத்தாய் முதலில் பொருளைப் பார்ப்பதில்லை. நீட்டிய கையைத்தான் பார்ப்பாள். பூப்பாறைச் சந்தையில் உப்புக்காரன் மறதியாக இடது கையால் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டால் வாங்கமாட்டாள். ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள். அவன் கை மாற்றும்வரை பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆரம்பத்தில் வியாபாரிகள் சிரித்தார்கள். வருஷங்கள் போகப் போக, அவள் தலை தெரிந்ததுமே பொட்டலத்தை வலது கைக்கு மாற்றி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள், ஏதோ சாமிக்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரியஜோசப் வாத்தியார் மேல் அவள் கொண்ட பகை அது.

வேலுத்தாயும் அவள் புருஷன் சங்கையாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை. கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு அறை. ஒரே மகன் குருசாமி. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் எப்படி வளர்ந்தார்களோ அப்படித்தான் அவனும் வளர்ந்தான். அதாவது, கதவுக்குப் பின்னால் வளர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் சந்தைக்குக் கிளம்பும்போது, கைக்குழந்தையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்து, வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனை வரும், அட்டை கடிக்கும், ஓடையில் விழுந்துவிடும் என்ற பயம். சுற்றிலும் அவ்வளவு பெரிய காடு இருந்தும் அந்தப் பிள்ளைகள் அதைப் பலகை இடுக்கு வழியாகத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மரியஜோசப் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தார். கீழே ராயப்பன்பட்டிக்காரர். காக்கி டவுசரும் விசிலுமாக வந்து இறங்கியவர், வந்த மாதமே குழாயடியில் நின்று பேசினார்.

“காட்டுக்குள்ளயே குடியிருக்கோம். நம்ம பிள்ளைகளுக்கு ஒரு மரத்துப் பேரு தெரியல. சாரணர் படை ஆரம்பிக்கப் போறேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்கூட அனுப்புங்க. நடப்பானுக, முடிச்சுப் போடுவானுக, அடுப்பு மூட்டிச் சமைப்பானுக. திரும்பப் பத்திரமா கொண்டாந்து விடுறேன்.”

“ஏன் சார், எங்க பிள்ளைக காய்ஞ்சது போதாதா, வெயில்ல வேற காயப்போடணுமா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் முகம் சுண்டிப்போனது.

வேலுத்தாய் கூட்டத்தில் வாயைத் திறக்காதவள். அன்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எம் மகன் வருவான் சார்.” அதோடு நிற்கவில்லை. லயம் லயமாகப் போய், “பூட்டி வச்சு வளத்தா பிள்ள சோகையாத்தான் போகும். அனுப்புங்கக்கா” என்று கேட்டாள். பேசாத பெண் பேசினாள் என்பதற்காகவே பத்துப் பதினைந்து வீட்டார் சம்மதித்தார்கள். சங்கையாவும் சும்மா இருக்கவில்லை. கொடிக்கம்பத்துக்கு மரம் வெட்டிக் கொடுத்தான். ஆனைத்தடம் இருக்குமோ என்று முதல் சில வாரங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் கத்தியோடு நடந்தான். வாத்தியார் மகிழ்ந்துபோய், பையன்களுக்குப் போலவே அவன் கழுத்திலும் ஒரு பச்சைத் துண்டைச் சுற்றி, வளையம் மாட்டிவிட்டார்.

பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கும் நாள் வந்தது. கீழ்நாட்டிலிருந்து ஸ்கவுட் கமிஷனர் ஒருவர் ஜீப்பில் வந்தார். தோட்டமே மைதானத்தில் கூடியிருந்தது. பையன்கள் விரல் தூக்கி சல்யூட் அடித்தார்கள், அவரும் அடித்தார். பிறகு வரிசையாக நின்ற பெரியவர்களிடம் வந்தார். மானேஜருக்கு வலது கையைக் கொடுத்துக் குலுக்கினார். கணக்கப்பிள்ளைக்கு வலது கையைக் கொடுத்துக் குலுக்கினார். அடுத்து நின்றவன் சங்கையா. அவன் வேட்டியில் கையைத் துடைத்து வலது கையை நீட்டினான். கமிஷனர் அவன் கழுத்துத் துண்டைப் பார்த்தார், சிரித்தார், இடது கையை நீட்டினார்.

சங்கையாவின் கை அந்தரத்தில் நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் அந்த இடது கையை இரண்டு கையாலும் பிடித்தான், விட்டான், கும்பிட்டான். பின்வரிசையில் யாரோ கிக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியது. வேலுத்தாய் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது.

அன்று சாயங்காலமே கேலி ஆரம்பித்துவிட்டது. டீக்கடை வைத்திருந்த சென்னியப்பன் பொள்ளாச்சிக்காரன். மரியாதைக்குக் குறைவில்லாமல் குத்துவான். சங்கையாவைப் பார்த்து, “ஏனுங்க மாமா, டீய எந்தக் கையில குடுக்கட்டுமுங்க? துரைக்கு ஒரு கை, உங்களுக்கு ஒரு கைன்னு சட்டம் வந்துருச்சாமே?” என்றான். கடையில் இருந்தவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள். மூலையில் மரியஜோசப்பும் உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமல் டீயை ஊதிக் குடித்துவிட்டுப் போனார்.

லயத்துச் சின்னப் பயல்கள் சங்கையாவைக் கண்டால் ஒற்றைக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். குழாயடியில் பெண்கள், “ஊரயெல்லாம் கூட்டியாந்து ஒம் புருசனுக்குப் பீச்சாங்கை வாங்கிக் குடுத்திட்டயே வேலு” என்றார்கள். சங்கையா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு சந்தைக்குப் போவதையும் நிறுத்தினான். பச்சைத் துண்டு தகரப்பெட்டிக்குள் போனது. ராத்திரிச் சோற்றைச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான்.

அவன் மறந்தாலும் மறக்கட்டும், தான் மறக்கப்போவதில்லை என்று வேலுத்தாய் முடிவுசெய்தாள். கமிஷனர் எங்கிருந்தோ வந்தவன், போய்விட்டான். கழுத்தில் துண்டைக் கட்டிக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியவர் வாத்தியார். சிரித்தவரும் அவர்தான். அந்த ஆள் பிள்ளைகளை வைத்துத்தானே பேர் வாங்குகிறார். அந்தப் பிள்ளைகளை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதலில் குருசாமியை அறையில் பூட்டிப் பார்த்தாள். அவன் பலகையைப் பெயர்த்துக்கொண்டு ஓடினான். காட்டையும் சுட்ட கிழங்கையும் ருசி கண்ட பிள்ளையைத் தாழ்ப்பாள் பிடித்து வைக்காது என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வெளியே போகிற பிள்ளைகளை நிறுத்த முடியாது. தன் பின்னால் வரவைக்க முடியும்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவள் விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய்த் திரும்பிவிட்டாள். வாத்தியார் படை தண்ணிப்பாறைக்குப் போகும். அதற்கு எதிரே இருந்தது கூனிப்பாறை. வேலுத்தாய் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் கட்டிக்கொண்டு லயத்து வாசலில் நின்றாள். வாத்தியார் பொம்பளைப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஏங்கிக் கிடந்த அவ்வளவு சிறுமிகளும் அவள் பின்னால் வந்துவிட்டார்கள்.

முதல் வாரம் பெரும் கூத்தாகிப் போனது. அட்டை ஏறிக் குழந்தைகள் கத்தின. திரும்பும் வழி தவறி, பக்கத்துத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோர் வாசலில் போய் நின்றார்கள். தாய்மார்கள் தெருவில் நின்று அவளை வைதார்கள். “வாத்தியாரு படிச்சவரு, கூட்டிட்டுப் போறாரு. ஒனக்கு எதுக்குடி இந்த வேல?” என்று கேட்டார்கள்.  வேலுத்தாய் அடுத்த வாரம் ஏலப்புதருக்குப் பின்னால் மறைந்து, வாத்தியார் என்ன செய்கிறார் என்று பார்த்தாள். அவர் பிள்ளைகளைச் சோடி சோடியாக நிறுத்தினார். கிளம்பும்போதும் திரும்பும்போதும் எண்ணினார். புறப்படும் முன்பு நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் திருடிக்கொண்டு வந்தாள். அட்டைக்கு மட்டும் புகையிலைத் தண்ணீர் அவளாகச் சேர்த்தது.

கூனிப்பாறையில் விசில் கிடையாது, வரிசை கிடையாது, உறுதிமொழி கிடையாது. கிழிந்த சாக்கில் உட்கார்ந்து புல்சரிவில் சறுக்கலாம். யார் அதிகம் சத்தமாகக் கூவுகிறார்கள் என்று பந்தயம் வைக்கலாம். கருவாடு சுடும் வாசனை பள்ளத்தைத் தாண்டித் தண்ணிப்பாறை வரை போகும். அவள் காற்று பார்த்துத்தான் அடுப்பு வைப்பாள். அங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்ப்பார்கள். ஒவ்வொருவனாகப் பாறை மாறினான்.  ஒவ்வொருவன் வரும்போதும் வேலுத்தாய் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்குவாள்.

இரண்டு வருஷத்தில் வாத்தியாரிடம் ஐந்தாறு பையன்கள் மிஞ்சினார்கள். குருசாமியும் இந்தப் பக்கம் வந்தாயிற்று. கமிஷனர் மறுபடி பார்வையிட வருகிறார், ஆள் இல்லாவிட்டால் படையைக் கலைத்துவிடுவார்கள் என்று செய்தி வந்தது. மரியஜோசப் வேலுத்தாய் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“ஏம்மா வேலுத்தாயி, அந்த ஒரு நாளைக்கு மட்டும் பையன்கள விடும்மா. அப்புறம் நீயே கூட்டிக்கிட்டுப் போ.”

“நான் யாரையும் கட்டி வைக்கல சார். அவனுகளக் கேளுங்க.”

“எம்மேல ஒனக்கு என்னம்மா கோவம்?”

வேலுத்தாய் முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “எம் புருசனுக்குப் பீச்சாங்கையக் குடுக்க வச்சீங்கல்ல. ஊரே சிரிச்சதுல்ல.”

வாத்தியார் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “அடப் பாவமே, அதுவா? அது கேவலம் இல்லம்மா. ஸ்கவுட்டுக்கு ஸ்கவுட் எடது கையத்தான் குடுக்கணும். ஒலகம் பூரா அதுதான் வழக்கம். இதயத்துக்குப் பக்கத்துல இருக்கிற கைன்னு சொல்லுவாங்க. மானேஜரும் கணக்கப்பிள்ளையும் வெளியாளுக. அவங்களுக்குச் சாதாரணக் கை. சங்கையாவத் தன் ஆளுன்னு நெனச்சுக் குடுத்தாரு. அங்க நின்னவங்கள்ல பெரிய மரியாத அவனுக்குத்தான்.”

வேலுத்தாய் முறத்தில் இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். வாத்தியார் முகத்தில் நிம்மதி வந்தது. அப்புறம் அவள் கேட்டாள்:

“இது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஊரு சிரிச்சதும் தெரியும்.”

“அது... ஆமா.”

“சென்னியப்பன் கடையில கேலி பேசுனப்ப மூலையில ஒக்காந்து டீ குடிச்சீங்க. அங்க இந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா அன்னையோட முடிஞ்சிருக்கும். ரெண்டு வருசமா எம் புருசன் செவுத்தப் பாத்துச் சோறு திங்கிறாரு. ஏன் சொல்லல?”

“நான் அத ஒரு பெரிய விசயமா நெனைக்கலம்மா.”

“நெனைக்கமாட்டீங்க. கூலிக்காரன் கேலிப்படுறது ஒங்களுக்குப் பெரிய விசயமா?” என்றாள். “இப்ப ஆளு கொறஞ்சதும் வந்து மரியாதங்கிறீங்க. சரி. அந்தக் கமிஷனர் வரட்டும். அதே மைதானத்துல, அதே சனத்துக்கு முன்னால, இதச் சொல்லச் சொல்லுங்க. அத்தன பிள்ளைகளையும் நானே கொண்டாந்து நிறுத்துறேன்.”

வாத்தியார் காலை மாற்றி வைத்தார். “மேலதிகாரிகிட்ட அப்படிப் போய்ச் சொல்லுன்னு நான் எப்படிம்மா...”

“அப்பப் போய்ட்டு வாங்க சார்.”

உள்ளே பாயில் படுத்திருந்த சங்கையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கமிஷனர் வந்த ஞாயிறு, வேலுத்தாய் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினாள். லயத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை விடவில்லை. வெல்லம் போட்டு மொச்சை அவித்திருந்தாள். கூனிப்பாறையிலிருந்து பார்த்தால் மைதானம் முழுதும் தெரியும். “இன்னைக்குக் கூவுற பந்தயம்” என்றாள். பிள்ளைகள் தொண்டை கிழியக் கூவினார்கள். கீழே ஜீப் வந்து நின்றது. கொடிக்கம்பத்தடியில் வாத்தியாரும் ஐந்தாறு பையன்களும் தெரிந்தார்கள். கமிஷனர் சத்தம் வந்த திக்கில் தலையைத் தூக்கிப் பார்த்தார். வேலுத்தாய் இதற்காகத்தான் இரண்டு வருஷம் மலையேறினாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

அப்போது பையன்கள் வரிசையின் ஓரத்தில் வேட்டி கட்டிய ஓர் ஆள் வந்து நின்றான். கழுத்தில் பச்சையாக ஏதோ இருந்தது. “அம்மா, நம்ம அய்யா” என்றான் குருசாமி. கமிஷனர் அந்த ஆளிடம் வந்தார். இரண்டு கைகள் சேர்ந்ததும் விலகியதும் அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. வேலுத்தாய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். மொச்சை பாதிதான் தின்றிருந்தார்கள்.

சாயங்காலம் சங்கையா வந்து வாசலில் உட்கார்ந்தான். துண்டைக் கழற்றவில்லை.

“அந்த ஆளுகிட்டப் போயி நின்னயே, வெக்கமா இல்லையா?” என்று கேட்டாள்.

“இந்தத் தடவ நான் மொதல்லயே எடது கைய நீட்டிட்டேன், வேலு” என்றான். “அவருக்கே ஆச்சரியம்.”

“நான் ஒனக்காகத்தான் ரெண்டு வருசம் அந்த வாத்தியாரு படைய அறுத்தேன்.”

“தெரியும். நல்லாத்தான் அறுத்த. எனக்குக் கை குடுத்தவரு மேல எனக்குக் கோவம் போயிருச்சு. ஒனக்கு இருந்தா வச்சுக்க.”

“வச்சுக்கத்தான் போறேன். கை குடுத்தவன் மேல இல்ல. வாயத் தொறக்காதவன் மேல.”

சங்கையா சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

படையைக் கலைக்கவில்லை. ஆள் குறைவாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்கிறார் என்று கமிஷனர் இன்னும் கொஞ்ச காலம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச காலம் இன்னும் முடியவில்லை. ராஜ்யம் மாறி, கேரளம் என்று பேர் வந்து, பள்ளிக்கூடத்துப் பலகைகூட மாறிவிட்டது. மரியஜோசப் வாத்தியார் தண்ணிப்பாறைக்குப் போகிறார். சங்கையா பச்சைத் துண்டோடு முன்னால் நடக்கிறான். வேலுத்தாய் கூனிப்பாறைக்குப் போகிறாள். எந்தப் பாறைக்குப் போவது என்பதைப் பிள்ளைகள் அன்றன்றைக்குச் சாப்பாட்டை விசாரித்து முடிவு செய்கிறார்கள். ஞாயிறு மத்தியானம் லயத்தில் எந்தக் கதவும் தாழ் போட்டிருப்பதில்லை. வாத்தியாரோடு வேலுத்தாய்க்கு இன்றுவரை பேச்சு கிடையாது.