அருளப்பன் அண்ணனின் நம்பர் நோட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள என் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. லூர்துமேரி ஓடிவந்து ஒரு போட்டோவையும் பழைய நோட்டு ஒன்றையும் மேசைமேல் வைத்தாள்.

"கலாக்கா, உபதேசியார் போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சாயந்தரம் அடக்கம். கல்லறையில வைக்க இந்தப் போட்டோவ லேமினேஷன் போட்டுக் குடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

நான் மெஷினை அணைத்துவிட்டேன். அவள் விழித்தாள். அருளப்பன் அண்ணன் படத்தை என் கையால் அந்த மெஷினுக்குள் விட முடியாது என்பதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொள்ளிடக்கரைக் கிராமம் ஒன்றில், மாதாகோயில் உபதேசியாராக இருந்தவர் அவர். செபம் சொல்லிக்கொடுப்பார், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எழுதும் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வார். தனி ஆள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, அதட்டத் தெரியாத குரல்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், பெற்றோரின் கல்யாணப் போட்டோவோடு என் கடைக்கு வந்தார். வீட்டில் இருந்த ஒரே படம். எங்கள் பக்கத்தில் எது உசத்தியோ அதற்கு லேமினேஷன் போட்டாக வேண்டும், பட்டா, டி.சி., புதுநன்மைச் சர்டிபிகேட் எதுவும் தப்பாது. நானும் யோசிக்காமல் படத்தை உள்ளே விட்டேன். சூட்டில் பழைய படம் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் கொப்புளம்தான் இருந்தது.

தப்பு என்மேல். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "பழைய படம்னா முன்னாடியே சொல்ல வேணாமா?" என்று கத்தினேன். அவர் படத்தைத் துண்டால் துடைத்தார். "விடுங்க தங்கச்சி. நான்தானே போடச் சொன்னேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகு அவருக்கு ஒரே தேடல். பழைய படத்தைச் சரிசெய்பவர் யார், ஒட்டாத கவர் எங்கே கிடைக்கும், மஞ்சளாகாத காகிதம் யார் விற்கிறார்கள் என்று பெரம்பலூர், திருச்சி என பஸ் ஏறி விசாரித்தார். கிடைத்த நம்பரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். "கல்யாண புரோக்கர்கூட இத்தனை நம்பர் வச்சிருக்க மாட்டாருண்ணே" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். அவர் சொன்னதற்காக ஒட்டாத கவர் ஒரு கட்டு வாங்கி வைத்தேன். ஒருவரும் வாங்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து வந்து, "சென்னையில ஒருத்தங்க சரிபண்ணிட்டாங்க தங்கச்சி. அம்மா முகம் நல்லா வந்திருக்கு" என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் கோயில் ஓடு நகர்ந்து, பதிவேடு இருந்த பீரோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி என் கடைக்கு வந்தார். பின்னாலேயே லூர்துமேரி, அழுதபடி.

அவள் மூத்த தாரத்து மகள். அப்பா செத்தபின், இளைய தாரத்துத் தம்பிகள் "இது எங்க அப்பாவுக்குப் பொறந்ததே இல்ல" என்று சொத்துக் கேஸில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவள், வேறு காகிதம் கிடையாது. அவள் ஞானஸ்நானத்தன்று அவள் அப்பா போட்ட கையெழுத்து அந்தப் பதிவேட்டில் இருந்தது. அடுத்த வாய்தாவுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது கோர்ட். இப்போது ஏடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் பூஞ்சை தெரிந்தது.

"இஸ்திரி போட்டுக் காயவச்சிடலாமா?" என்றேன். அண்ணன் பதிவேட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார்.

நோட்டை எடுத்தார். என் கையில் தரவில்லை. அவர் நம்பர் படிக்க, நான் போன் அடித்தேன். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒரு ஸ்டூடியோக்காரர், "பிரிச்சுக் கொண்டாங்க, ஸ்கேன் பண்ணித் தரோம்" என்றார். அடுத்ததில் யாரும் எடுக்கவில்லை. லூர்துமேரி எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக, சென்னையில் பழைய காகிதம் சீர்செய்யும் அம்மா ஒருவர் எடுத்தார்.

"பிரிக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. இன்னிக்கே உறைய வைக்கணும், இல்லன்னா பூஞ்சை தின்னுடும்."

"ஐஸ்லயா?" என்றார் அண்ணன்.

"ஆமா. உறைஞ்சா அப்படியே நிக்கும். அப்புறம் எங்கிட்ட அனுப்புங்க."

அரியலூரில் மீன்கடைக்காரர் முடியாது என்றுவிட்டார். பெரம்பலூரில் ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருந்த பாய் ஒருவரை எனக்குத் தெரியும். போன் செய்தேன். "கொண்டாங்கம்மா, ஒரு பெட்டிய காலி பண்றேன்" என்றார். பதிவேட்டை பாலிதீனில் சுற்றி மூவரும் பஸ் ஏறினோம். ஊரைத் தாண்டுமுன் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நிற்க, பஸ் நகரவில்லை. அண்ணன் வாயில் செபம் ஓடியது. நான் இறங்கி லாரிக்காரர்களோடு மல்லுக்கு நின்றேன். அவர் செபத்துக்கோ என் வாய்க்கோ வழி கிடைத்தது.

பாய் பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "வேதப் புஸ்தகமா?" என்றார். "இந்தப் புள்ளையோட அப்பா இதுக்குள்ள இருக்காருங்க பாய்" என்றார் அண்ணன்.

உறைந்த பதிவேட்டைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து அண்ணனே சென்னைக்குக் கொண்டுபோனார். வாய்தாவுக்கு முந்தின நாள் திரும்பினார். ஓரங்கள் கறுத்திருந்தன. ஆனால் சவரிமுத்து என்ற கையெழுத்து புள்ளி கலையாமல் இருந்தது. லூர்துமேரி அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பங்கு அவளுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவர் படத்தை ஸ்கேன் செய்து, பிரிண்டுக்கு மட்டும் லேமினேஷன் போட்டேன். அசலை, விற்காமல் கிடந்த கவரில் வைத்தேன். "நோட்டு அவரு பெட்டியில இருந்துச்சு. இனிமே உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள் லூர்துமேரி.

அவள் போனபின் பிரித்தேன். ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே அவருடைய குண்டு எழுத்து. "அம்மா படம்: முடியாது." "முடியாது." "முடியாது." சென்னை அம்மாவின் நம்பருக்கு எதிரேயும் அதுதான். அதற்குக் கீழே: "சரியாயிடுச்சு என்று கலாவிடம் சொல்லியாச்சு. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும், ஒரு பொய்." பின் அட்டைக்குள் அந்தக் கொப்புளம் போட்ட படம் இருந்தது.

கடையை அப்படியே போட்டுவிட்டு அழுதேன்.

சாயந்தரம், சவப்பெட்டியை மூடுமுன் அந்தப் படத்தை அவர் கைக்கடியில் வைத்தேன். அண்ணே, நீங்கள் சொன்ன பொய்யில் நான் இத்தனை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அம்மா முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். போய்ப் பாருங்கள்.