பதுங்குகுழியில் ஒரு பாம்புராணி

யுத்தகாலத்தில் சாந்தோமில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பதுங்குகுழி வெட்டினார்கள். ஜப்பான்காரன் குண்டு போட வந்தால் குடும்பத்தோடு அதற்குள் இறங்கி உட்கார வேண்டும். கடற்கரை மண், சரியாமலிருக்கப் பனங்கட்டைகளை அண்டக் கொடுத்திருந்தார்கள். முதல் மழைக்கே கட்டையில் கரையான் பிடித்தது. கரையானைத் தின்ன ஓர் அரணை வந்து குடியேறியது. எங்கள் பக்கம் அதைப் பாம்புராணி என்போம்.

எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். சுண்டுவிரல் கனம், எண்ணெய் தடவிய பளபளப்பு. நான்கு காலும் அரிசி அளவு, சும்மா பேருக்குத்தான். மணலுக்குள் நுழையும்போது அவற்றை உடம்போடு ஒட்டிக்கொண்டு நெளிந்தே போய்விடும். மேலே மணல் லேசாக அசைவது மட்டும் தெரியும். வெயிலில் தலை காட்டாது. ஈரம் கண்டால் மூக்கை நீட்டும், நாலு கரையானைப் பிடிக்கும், திரும்ப உள்ளே.

மாமியார் குழிப்பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். "அது நக்குனா ஆளு காலிடி. குண்டு வுழுந்தா வுழட்டும், நான் எறங்க மாட்டேன்."

ஒத்திகைச் சங்கு ஊதும்போதெல்லாம் ஜெபமாலையோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர் ஆபீசில் இருப்பார். கிழவியைத் தனியே விட மனம் வராமல் நானும் மேலேயே நின்று பல்லைக் கடிப்பேன். என் மீன்குழம்பை ஒருநாளாவது நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருப்பாரா? இவருக்காக நான் குண்டடி பட்டுச் சாக வேண்டுமா?

ஒரு பகலில், ஒத்திகை என்று யாரும் சொல்லாமலே சங்கு அலறியது. நிஜக் குண்டுதான் என்று குழிப்பக்கம் ஓடினேன்.

"அத்தே, வாங்க!"

"நீ போடி. நான் இங்கியே கீறேன்."

கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. குழியில் குதித்துக் கட்டையைப் புரட்டினேன். பாம்புராணியை அள்ளி, பின்வாசலில் நின்றவருக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

"நல்லா பாருங்க! நக்கட்டும், இன்னா ஆவுதுன்னு பாப்போம்!"

அதுவும் சொல்லிவைத்த மாதிரி நாக்கை நீட்டி என் கட்டைவிரலைத் தொட்டது.

"ஐயோ மாதாவே!"

முட்டிவலிக்காரி ஓடிவந்து குழிக்குள் தொப்பென்று விழுந்தார். என் கையைத் தட்டிவிட்டார். பாம்புராணி அறுந்த வாலைத் துடிக்க விட்டுவிட்டு மணலுக்குள் போய்விட்டது. புடவைத் தலைப்பால் என் விரலைத் துடை துடையென்று துடைத்தார். விஷம் ஏறாதிருக்க ஜெபமாலையையே சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"மயக்கம் வருதாடி? கண்ணு தெரியுதா? பைத்தியமே, நீ பூட்டா நான் யாரு கொழம்பக் கொற சொல்றது?" என்று ஓவென்று அழுதார்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. "ஒண்ணும் ஆவல அத்தே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நம்பவில்லை.

அபாயம் நீங்கிய சங்கு ஊதியும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவர் காலடியில் மணல் லேசாக அசைந்தது. பார்த்தார். பாதத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். என் விரலை மட்டும் விடவில்லை.