மருமகள் பேரில் நேர்ந்ததை நான் நடந்தேன்

என் மருமகள் மாரீஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. அவள் அழுது ஓயும் முன்பே என் நாத்தனார் வாசலில் நின்று ஊர் கேட்கப் பேசினார்.

"விதைச்சது தங்காத காட்ட எந்தம்பி மகன் எம்புட்டு நாளைக்கு உழுவான்? வேற பொண்ணு பாப்போம்."

அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அதனால்தான் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னார்கள். கர்ப்பப்பை மேலே கவட்டைக் கம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கிறதாம். பிறவியிலேயே அப்படி, யார் பாவமும் இல்லை. பிள்ளைக்கு இடம் குறைவு, திரும்ப முடியாது, மாதம் முந்தியே வலி வரலாம். "தண்ணியோ ரத்தமோ பட்டா அப்பவே தூக்கிட்டு வந்துரணும்" என்றார்கள்.

மூன்றாவது தடவை உண்டானாள். ஏழாம் மாதம் தொடங்கியதும் நாத்தனார் வந்தார். எங்களைக் கேட்காமலே எங்கள் குலதெய்வமான அம்மனுக்கு நேர்ந்திருந்தாராம். மாரீஸ்வரி பிள்ளை வயிற்றோடு காட்டுப் பாதையில் நடந்துவந்து மாவிளக்குப் போடவேண்டுமாம். திருச்சுழிப் பக்கம் உள்காட்டில் கோயில். பஸ்ஸும் போகாது, ஆட்டோவும் போகாது.

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னோம். "டாக்டரா பிள்ள குடுத்தா? சாமி குத்தமாயிரும்" என்றார். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் நடந்துருறேன் அத்தை. இல்லாட்டி என்ன ஆனாலும் என்னையத்தான சொல்வாக" என்றாள் மாரீஸ்வரி. அவள் கை வயிற்றை விட்டு விலகவில்லை.

வீட்டுச் சாமி விளக்கு முன்னால் போய் நின்றேன். தாயே, பிள்ளையைக் காப்பாற்று, எனக்கு வாயைக் கொடு என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

வெளியே வந்தேன். "மதினி, நேந்தது நீங்க. நடக்கப்போறது நான்."

"ஒன் வயித்துலயா பிள்ள இருக்கு?"

"இல்ல. நேந்தவுக வயித்துலயும் இல்ல."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்ட வந்து அழாத."

"ஒங்க கிட்ட அழுது எனக்கு எப்பவும் ஒண்ணும் ஆனதில்ல மதினி."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

வெள்ளிக்கிழமை மாவையும் வெல்லத்தையும் தலையில் வைத்து நடந்தேன். இரண்டு பக்கமும் கருவேலம், ஒதுங்க நிழலில்லை. கோயிலில் மல்லாந்து படுத்து, என் ஒட்டிய வயிற்றில் இலை போட்டு மாவிளக்கை ஏற்றப் பூசாரியிடம் சொன்னேன். கோபமிருந்தால் என்மேல் காட்டு, அவளை விட்டுவிடு என்றேன். சுடர் அணையாமல் நின்று எரிந்தது.

திரும்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. நான் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மாரீஸ்வரிக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. மகன் பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறான். பிள்ளை குறுக்கே கிடந்ததால் வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தார்கள். விஷயம் கேட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இது காட்டு வழியில ஆயிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்மா" என்றார்கள் டாக்டரம்மா.

கைக்குள் அடங்குகிற பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் கிடந்து தேறினாள். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

பேர் வைத்த அன்று நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்து, "பாத்தீகளா, நான் நேந்தது பலிச்சிருச்சு" என்றார்.

"பலிச்சிருச்சு மதினி. அடுத்த வாட்டி ஒங்க கால நம்பி நேந்துக்கங்க" என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

பிள்ளை தங்காமல் தவிக்கிற வீட்டாரே, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அம்மனையும் நம்பிக் கேளுங்கள், கொடுப்பாள். நேர்வதானால் உங்கள் உடம்பின் மேல் நேர்ந்துகொள்ளுங்கள். வாயும் வயிறுமாய் இருக்கிறவளை வீட்டில் படுக்கவிடுங்கள்.