மச்சான் கழற்றிய வயர்

என் பைக்கின் ஹார்ன் முதலில் கரகரத்தது. பிறகு முனகியது. பிறகு இண்டிகேட்டர் போட்டால் ஒருமுறை எரிந்து அப்படியே நின்றது. பேட்டரி செத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டி இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். கடைசியில் நடுரோட்டில் நின்றுவிடும். என் வண்டிக்கு ஸ்பார்க்கே பேட்டரியிலிருந்துதான்.

அப்போது தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டிகளை மூட்டையாகக் கட்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்குப் போடும் லைன் வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நூல் மில், திருப்பூர், கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடை, கேரளாவில் கிணறு வெட்டும் கூட்டம் என்று சுற்றியவன். எங்கேயும் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் இருந்ததில்லை. வெறுத்துப்போன மனைவி, மகளைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். லைன் வேலை கிடைத்த பிறகுதான் திரும்பி வந்தாள். வந்த அன்றே சொன்னாள்.

"இனியும் ஊர் ஊராத் திரியிறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. புள்ளைக்குக் காது குத்தணும். எங்கண்ணன் மடியில வச்சுக் குத்தணும். அதுக்காச்சும் நீங்க ஊர்ல இருக்கணும்."

ஆவணியில், பிளவக்கல் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எங்கள் வீடுகளில் காது குத்துவார்கள். அவர் வந்து உட்காராமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார்.

அந்தத் தாய்மாமன், அதாவது என் மச்சான், ராஜபாளையத்தில் மெக்கானிக். ரோட்டோரத்தில் தகர ஷெட். சொந்த மச்சான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும்போது வண்டியை வேறொருவரிடம் விடுவது, சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டைத் தாண்டிப்போய்ப் பக்கத்து வீட்டு இலையில் உட்காருவது மாதிரி. அதனால் அவரிடமே போனேன்.

"மச்சான், பேட்டரி நிக்க மாட்டேங்குது. சார்ஜ் ஏறுதான்னு பாக்கணும்."

"மாப்ள, ஒனக்கு மூட்டை கட்டத் தெரியும். அதப் பாரு. வண்டிய நான் பாக்கேன்."

வண்டியை ஸ்டார்ட் செய்து, சீட்டைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றினார். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் பலருக்கும் தெரிந்த சோதனை இது ஒன்றுதான். பேட்டரி இல்லாமலும் வண்டி ஓடினால் இன்ஜினுக்குள் கரண்டு உண்டாக்கும் காயில் வேலை செய்கிறது, ஸ்பார்க்குக்கு அதுவே போதும் என்று அர்த்தம். ஓடியது. மச்சான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பின்னால் டெயில் லைட் பளீரென்று வெளுத்தது, உடனே அணைந்துபோனது.

"பல்பு போயிருச்சே மச்சான்."

"பழைய பல்பு. போகத்தான் செய்யும். வண்டி ஓடுதால்ல? கோளாறு பேட்டரிதான்."

புது பேட்டரி போட்டார். அதுவும் சீக்கிரமே செத்தது. முன்பாவது கொஞ்சம் சார்ஜ் ஏறியது. வயரைக் கழற்றிய நாளிலிருந்து துளிகூட ஏறவில்லை. மச்சான் பேட்டரி கம்பெனியைத் திட்டிவிட்டு வேறொன்று போட்டார்.

எனக்கு விஷயம் தெரியும். காயில் கட்டும் கடையில் பார்த்திருக்கிறேன். காயிலிலிருந்து வரும் கரண்டை அளவாக்கி பேட்டரிக்குள் அனுப்புவது ரெகுலேட்டர். ஓடும் வண்டியில் பேட்டரியைப் பிடுங்கினால் அந்தக் கரண்டு போய்ச்சேர இடமில்லாமல் எகிறும். பல்பு போகும், ரெகுலேட்டர் போகும். இதை ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். மச்சான் ஷெட்டில் நின்றவர்களைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"கோயம்புத்தூர்ல டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தவரு நமக்குப் பாடம் எடுக்காரு. கேட்டுக்கோங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவணி வரைக்கும் அவர் மடி எனக்கு வேண்டியிருந்தது.

"அப்ப ஹார்ன் மச்சான்?"

"வாயால சொல்லு. வழி விடுவான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில், மூட்டையோடு வண்டி நின்றது. இப்படி நிற்பது அது முதல் தடவை இல்லை. கடைக்காரர் சரக்கு வரவில்லை என்று முதலாளிக்குப் போன் போட, முதலாளி எனக்குப் போட்டார்.

"இன்னைக்கும் நின்னுட்டியா? லோடு ஆட்டோக்காரன் ஒருத்தன் லைனைக் கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்குக் காலையில ஒழுங்கா ஓடுற வண்டியோட வா. இல்லன்னா வராத."

மச்சானுக்குப் போன் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். இன்னொரு பேட்டரி வரும். லைன் போகும். நான் மறுபடி பஸ் ஏறுவேன். அவள் மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போவாள்.

எதிரில் ஒரு மைக்செட் கடை இருந்தது. கரண்டு அளக்கும் மீட்டரும், ஸ்பீக்கருக்கு வைத்திருந்த பேட்டரியும் கேட்டேன்.

"சாயந்தரம் சடங்கு வீட்டுக்கு வேணும் அண்ணாச்சி. செத்த நேரத்துல குடுத்துருங்க" என்றார் கடைக்காரர்.

அவருடைய பேட்டரியை வயர் போட்டு இணைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். மீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு முறுக்கிப் பார்த்தேன். பதினாலு வோல்ட்டைத் தொட வேண்டிய எண் பன்னிரண்டிலேயே கிடந்தது. அடுத்து, காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களை ரெகுலேட்டரோடு இணைக்கும் கப்ளரைப் பிரித்தேன். ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. வண்டியின் முதல் நோய் இதுதான். பின் லூசாகிச் சூடேறி, பாதி கரண்டைத் தின்றிருக்கிறது. மச்சான் அன்றைக்கு இந்தக் கப்ளரைப் பிரித்துப் பார்த்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வயர்களை இரண்டிரண்டாக அளந்தேன். எல்லா ஜோடியும் ஒரே அளவு காட்டியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, எந்த வயராவது பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. காயில் நன்றாக இருந்தது. மிச்சம் ரெகுலேட்டர். டெயில் லைட் வெளுத்த அன்றே அது செத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

மைக்செட்காரர் பேட்டரியிலேயே வண்டியைப் பாகங்கள் விற்கும் கடைவரை ஓட்டிப்போய், ரெகுலேட்டரும் கப்ளரும் வாங்கினேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பக்கவாட்டு மூடியில் மச்சான் ஒர்க்‌ஷாப் ஸ்டிக்கர், போன் நம்பரோடு ஒட்டியிருந்தது. அவர் அதைப் படித்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்து மைக்செட் கடை வாசலிலேயே மாட்டி முடித்தேன். மீட்டர் பதினாலுக்கு ஏறி அங்கேயே நின்றது. மைக்செட்காரர் பேட்டரியிலிருந்து, செத்துக்கிடந்த என் பேட்டரிக்கும் கொஞ்சம் உயிர் ஏற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஹார்னை அழுத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சரக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி அழுதுகொண்டிருந்தாள். எந்த மெக்கானிக் அனுப்பிய ஆளோ, அந்த மெக்கானிக்குக் கமிஷன் எழுதிவைப்பது பாகங்கள் கடைகளில் வழக்கம். ஸ்டிக்கரைப் பார்த்த கடைக்காரர் நாணயமாக அவருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"ஏன் மாப்ள, நான் பாக்காத வேலைக்கு எனக்குக் கமிஷனாம்ல?"

"நடுரோட்டுல நின்னுருச்சு மச்சான். ரெகுலேட்டர் போச்சு."

"யாரு போக்குனா?"

"ஓடுற வண்டியில வயரைப் புடுங்குனா போகும்."

இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மச்சான் எழுந்து செருப்பை மாட்டினார்.

"என் கை பட்டு வண்டி கெட்டுப்போச்சுன்னா, என் மடி பட்டுப் புள்ளையும் கெட்டுப்போகும்லா. அதையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எவன் மடியிலயாச்சும் வச்சுக் குத்திக்கோ."

அவர் போன பிறகு மனைவி, "ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"பொறுத்தா லைன் போயிரும். நீதான ஊர்ல இருக்கச் சொன்ன."

"ஊர்லதான் இருக்கச் சொன்னேன். எங்கண்ணன அசிங்கப்படுத்தச் சொல்லல."

ஆவணிக்கு முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து ஷெட்டுக்கே போய் அழைத்தேன். அவர் கழற்றிப்போட்ட இன்ஜினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கஸ்டமர் நிக்காங்க, தள்ளி நில்லுங்க" என்றார். அதுவரை ஒருமையில் பேசியவர். தாம்பாளத்தை ஒரு டயர் மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது யார் கையிலோ வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆவணி போனது. தையும் போனது. மகள் காது மூளியாகத்தான் இருக்கிறது. ஃபேன்சி ஸ்டோரில் ஒட்டுகிற கம்மல் வாங்கிக் கொடுத்தேன். வேர்த்தால் உதிர்ந்துவிடுகிறது. மனைவி என்னோடுதான் இருக்கிறாள். சோறு போடுகிறாள், பேசுவதில்லை. லைன் வேலையும் இருக்கிறது. பேட்டரி அதற்கப்புறம் ஒருநாளும் இறங்கியதில்லை.

காலையில் மகளை டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். வழியில் மச்சான் ஷெட். அதைத் தாண்டும்போது அவள் கட்டைவிரலால் ஹார்னை அழுத்தி, "மாமா" என்கிறாள். ஷெட்டில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் குனிந்தே இருக்கிறார். மாமாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, அவள் மறுபடியும் அழுத்துகிறாள்.