பதினொரு தட்டும் ஒரு மாமனும்

நேற்று ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒருபக்கம் டீசல் புகை, மறுபக்கம் தள்ளுவண்டியில் கனிந்த வாழைப்பழம். இரண்டு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த வாசனைக்குள் ஒரு கப்பலே இருப்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற கப்பலைச் சொல்கிறேன். காலையில் ஏறினால் மத்தியானம் இலங்கை. எங்கள் வாடிப்பட்டியிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேருகிற நேரத்தைவிடக் கடலைத் தாண்டுகிற நேரம் கம்மி.

என் தங்கச்சி செல்வியின் மகள், சென்னையில் கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பையனை விரும்பினாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏன், நம்ம பக்கம் மாப்பிள்ளையே கெடைக்கலையா? கடல் தாண்டிக் குடுத்தா நான் வரமாட்டேன்" என்று போனில் வீராப்பாகச் சொல்லித் தொலைத்தேன்.

"வராட்டிப் போ. மாமன் இல்லாட்டி கல்யாணம் நின்னுருமா?" என்று போனை வைத்தவள்தான். ஏழு மாதம் பேச்சே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் என்று பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது.

அதைக் கையில் வாங்கியதும் வீராப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் கையை வீசிக்கொண்டு போக முடியாது. ஒற்றைப்படையில் தட்டுகள், ஒவ்வொன்றையும் தூக்க ஒரு சொந்தக்காரர், முன்னால் மேளம். மாமன் தனியாக வந்து நின்றால், பொண்ணோட அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் நாதியில்லை என்று சம்பந்தி வீட்டில் நினைத்துவிடுவார்கள். சொந்தத்தில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். அதுவும் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்துப் புண்ணியம். செல்வி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்ற பயம் வேறு. பதினொரு பித்தளைத் தட்டோடு தனியாளாகக் கிளம்பினேன்.

"இம்புட்டுத் தட்டோட எங்கண்ணே?" என்றார் கண்டக்டர்.

"இலங்கைக்கு."

"இந்த பஸ்ஸு மாட்டுத்தாவணி வரைக்குந்தான் போகும்" என்றார், துளி சிரிப்பு இல்லாமல்.

துறைமுகத்தில் இருந்த அதிகாரி தங்கமான மனுஷர். "பழம், தேங்காய், பூ எதுவும் அந்தக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது சார்" என்று பொறுமையாகச் சொன்னார். முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டும். மாமன் சீரை எவன் தடுப்பான் என்ற நினைப்பு எனக்கு! பூவையும் தேங்காயையும் வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் கொடுத்தேன். பழத்தைக் குப்பையில் போட மனசு வருமா? வரிசையில் நின்றவர்களிடம் நீட்டினேன். பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா முதல் பழத்தை உரித்தார். அவ்வளவுதான், பந்தி களைகட்டிவிட்டது. நாலு சீப்பு வாழைப்பழமும் காலியான பிறகு, ஒருத்தர் வாயைத் துடைத்துக்கொண்டே, "என்னண்ணே விசேஷம்?" என்று சாவகாசமாகக் கேட்டார். சொன்னேன். வரிசை முழுக்க மெல்லுவது நின்றது.

"அட ஆண்டவா, சீர்ப் பழத்தையா தின்னுபுட்டோம்!" என்று வாயைப் பொத்தினார் பச்சைச் சேலை அம்மா.

கப்பல் கிளம்பியது. சீட்டுக்கு அடியில் இருந்த தட்டுகள் ஒவ்வொரு அலைக்கும் ஜல் ஜல்லென்று மோதின. மேளம் இல்லாத குறை தீர்ந்தது என்று யாரோ சொல்ல, கப்பலே சிரித்தது. நான்தான் சிரிக்காமல் தட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தட்டுத் தூக்க ஆளு இருக்கா தம்பி?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"அப்ப நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

ஊர் திரும்பிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் எழுந்து வந்தார். "உங்கட பழத்தை நாங்கள் சாப்பிட்டிட்டம். இறங்கினவுடன எங்கட ஊர்ப் பழத்தை வாங்கி வைப்பம் அண்ணை" என்றார். சொன்னபடியே பழமும் தேங்காயும் மாலையும் வாங்கி, வேனும் அவரே பிடித்தார்.

சாயங்காலம் கல்யாண வீட்டு வாசலில் நான் நின்றேன். பின்னால் தட்டேந்திய பதினொரு பேர். அதில் ஒருத்தர் ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர். அவர் அரைக்கால் சட்டைக்கு மேல் என் துண்டை வேட்டி மாதிரி சுற்றிவிட்டிருந்தோம்.

செல்வி வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சொந்தத்தில் யார் வீட்டில் யார் என்று மூன்று தலைமுறைக்கு ஒப்பிக்கிறவள் அவள். மாட்டினோமடா என்று நினைத்தேன்.

"ஆர் இவையள்?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

செல்வி கண் இமைக்கவில்லை. "எங்க பெரியம்மா" என்றாள், பச்சைச் சேலையைக் காட்டி. "இது சித்தப்பா. இது ஒண்ணுவிட்ட அண்ணன்." யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயையே திறக்கவில்லை. வெள்ளைக்காரரிடம் வந்ததும் ஒரு நொடி திணறினாள். "இவரு... எங்க சின்னம்மா மகளோட வீட்டுக்காரரு."

எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தனியா வந்திருந்தாலும் உள்ள கூட்டிட்டுத்தாண்ணே போயிருப்பேன், லூசு" என்றாள். தெருவே பார்க்க அழுதேன். வெட்கமே இல்லை.

போன மாதம் யாழ்ப்பாணத்தில் செல்வியின் பேரனுக்குக் காதுகுத்து. இப்போது சொந்தத்தில் எல்லோரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. முப்பது பேர் மேளத்தோடு இறங்கினோம். செல்வி எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்தாள். கடைசி ஆளும் உள்ளே போன பிறகும் தெருவையே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா வரலையாண்ணே?"

"எந்த ஊருன்னு கேக்கலையே செல்வி" என்றேன். "பேரு கூடக் கேக்கலை."