விருந்தாளிகளுக்கு வந்த தண்ணீர்

தேயிலை விலை விழுந்த அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பனிமூட்டம்தான். கீழ் கோத்தகிரிச் சரிவில் தோட்டத் தொழிலாளர்களான எங்கள் லயன் வரிசை வீடுகள் பாதி நாள் அதற்குள்ளேயே கிடந்தன. நான் எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் பனிக்குள் நடப்பார்கள். கொஞ்ச தூரம் கூடை மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. கனவில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

விலை விழுந்ததும் எஸ்டேட்டில் கையால் களையெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மருந்து அடித்தால் மலிவாம். மருந்து என்றுதான் சொல்வோம்; விஷத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள். அடித்த மறுநாள் மழை பெய்தால் அத்தனையும் லயனை ஒட்டி ஓடும் ஓடைக்கு வந்துவிடும். குடிப்பதற்கும் காப்பகத்தில் கஞ்சி காய்ச்சுவதற்கும் அந்த ஓடைத் தண்ணீர்தான். குழந்தைகள் வாயெல்லாம் புண்ணாகி, வயிறு கலங்கி, மதியத்தில் சுருண்டு படுத்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மேனேஜரிடம் போய்க் கேட்டோம். "அடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றார். சரி, சட்டத்தையே கேட்போம் என்று கிளம்பினோம். குடிதண்ணீர் ஓடைக்கு மேலே விஷம் அடிக்கக் கூடாது, மாநிலம் முழுவதற்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நாலு பக்கம் மனு எழுதினேன். லயன் லயனாகப் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிச் சட்டமன்றத்துக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்து, சட்டமன்றக் குழு ஒன்று நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது.

கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் லயனில் சும்மா இருக்கமாட்டார்கள். குழு வரும் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஓடைக்கரையில் கருகிக் கிடந்த புல்லையெல்லாம் செதுக்கியிருந்தார்கள். காலி மருந்து டப்பாக்களைப் பொறுக்கிப் புதைத்துவிட்டார்கள். நான் காட்ட வைத்திருந்ததே அவைதான். பாதையின் இரண்டு பக்கமும் போட்ட சுண்ணாம்புக் கோடு பனியில் மிதந்தது. பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"ஏனுங்கக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"வர்றவிங்க மூஞ்சியச் சுளிச்சா நமக்குத்தான அசிங்கம்" என்றார்.

குழு வந்தது. தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா சுத்தமா வச்சிருக்கீங்களே" என்றார். பெண்களுக்கு ஒரே பூரிப்பு. அக்கா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே தலைவர் ஓடையைக் காட்டினார். "இந்தத் தண்ணில போட்டதா? டீ நல்லாத்தானே இருக்கு."

அக்கா பதறிப்போனார். "அய்யோ, அதுல போடுவமுங்களா? உங்களுக்குன்னு கோத்தகிரி போயி ரண்டு கொடம் பஸ்ஸுல கொண்டாந்தமுங்க. இது வவுத்துக்கு ஆகாதுங்க."

"அப்ப நீங்க?"

"நாங்க இதைத்தானுங்க குடிக்கறோம்."

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். உடன் வந்தவர் அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். என் நாலு பக்க மனுவை விட அது மேல் என்று அப்போதே தெரிந்தது. அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சட்டம் கொண்டுவரப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். ஜீப் சத்தம் பனிக்குள் வெகுநேரம் கேட்டது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் அன்று குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். மறுநாளைக்கும் அது போதுமாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.