ராசாவின் இன்னொரு அண்ணன்

குணசேகரத்துக்கு அறுபத்து மூன்று வயது. வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். அதிகம் கதைக்காத மனிதர் என்று ஊருக்குள் பெயர். மனைவி இறந்தபின் வீட்டில் தனியாள். ஒரே மகள் ரிஷானி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கிறாள். ஞாயிறு மதியம் தவறாமல் அப்பாவோடு சாப்பிட வருவாள்.

அப்படி வந்த ஒரு ஞாயிறு, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே கைப்பேசியை நீட்டினாள்.

"அப்பா, இதை ஒருக்காப் பாருங்கோ. ஒஸ்ட்ரேலியாவில எங்கட ஆள் ஒருத்தர் விக்டோரியா பாராளுமன்றத்துக்கு வந்திருக்கிறார். அந்த மாநிலத்து எம்.பி. முந்தி டாவோஸில கோப்பை கழுவினவராம். நீங்களும் அங்கதானே இருந்தனீங்கள்?"

திரையில் பச்சை இருக்கைகள் போட்ட பெரிய மண்டபம். சாம்பல் நிறக் கோட் அணிந்த ஒருவர் எழுந்து நின்று தன் முதல் உரையை நிகழ்த்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை, கொஞ்சம் தொந்தி. பேச்சைத் தொடங்குமுன் இடது காதைத் தடவிவிட்டுக்கொண்டார். அந்தத் தடவலில் குணசேகரம் ஆளைப் பிடித்துவிட்டார். இராஜேந்திரன். டாவோஸ் ஹோட்டலின் கூரைக்குக் கீழே, ஒரே அறையில் மூன்று வருடம் கூடப் படுத்தெழும்பியவன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் மெல்பேர்னில் கலியாணம் பொருந்திப் போனவன். பிறகு ஒரு தொடர்பும் இல்லை.

ஆங்கிலப் பேச்சுக்கு யாரோ கீழே தமிழில் எழுத்துப் போட்டிருந்தார்கள். குணசேகரம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'பனி கொட்டிய ஒரு பிற்பகலில் என் தம்பி ராசாவை முதுகில் சுமந்துகொண்டு நடந்தேன். அவனுக்கு இருபத்தொரு வயது. அவனுடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. வெளியே போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்று நாள் வயிற்று வலியை மறைத்தான். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவனுடைய மூச்சு என் கழுத்தில் படவில்லை. அந்தப் பாரத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.'

மண்டபத்தில் இருந்த உறுப்பினர்கள் கட்சி வேறுபாடில்லாமல் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண் உறுப்பினர் கண்ணைத் துடைத்தார். இங்கே ரிஷானியும் துடைத்தாள்.

"பாவம் என்ன, அப்பா? உங்களுக்கு இவரைத் தெரியுமோ?"

"ஓம். ஒரே ஹோட்டல்."

"அப்ப அந்தத் தம்பியை?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் சோறு போட எழுந்து போனார். சோறு பாதி தட்டிலும் பாதி மேசையிலுமாக விழுந்தது.

ராசா குணசேகரத்தின் தம்பி. கூடப் பிறந்த ஒரே தம்பி.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஜனவரி. மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்கும் வரை ஹோட்டல் வேலையாட்களுக்கு மூன்று மணிநேர ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் குணசேகரம் அறைக்கு வந்தபோது ராசா கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு மடித்துக்கொண்டு கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. பனியால் பஸ் ஓடவில்லை. குணசேகரம் தம்பிக்குத் தன் குளிர்ச்சட்டையைப் போட்டு முதுகில் ஏற்றினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த இராஜேந்திரனைப் பார்த்து, "மச்சான், நீயும் வா. மாறி மாறித் தூக்குவம்" என்றார். இராஜேந்திரனின் மனுவும் அந்த மாதம்தான் விசாரணையில் இருந்தது. அவன் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

பாதித் தூரத்தில் குணசேகரம் ஒருமுறை விழுந்தார். மறுபடி தூக்கி ஏற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. இன்னொரு ஆள் இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் மிஞ்சியிருக்கும். குடல்வால் வெடித்துவிட்டது என்று வைத்தியர் பிறகு சொன்னார். நேரத்தோடு வந்திருந்தால் என்று எதையோ தொடங்கி, குணசேகரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்குக்கூட, தம்பி ஒருவன் இங்கே வந்து நோய் வருத்தத்தில் செத்துப்போனான் என்ற அளவுதான் தெரியும். மகளுக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார் என்பதே தெரியாது. சொல்லத் தொடங்கினால் மூன்று நாள் பக்கத்தில் படுத்திருந்தும் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி வரும்.

ரிஷானி அந்தப் பேச்சைக் காட்டிய வருடத்து ஒக்டோபரில் விக்டோரியாவிலிருந்து உறுப்பினர் குழு ஒன்று சுவிற்சர்லாந்துக்கு வந்தது. இங்கே சனங்கள் நேரடியாக வாக்குப் போட்டுச் சட்டம் தீர்மானிக்கும் முறையைப் பார்த்துப் போகத்தான் வந்தார்கள். இராஜேந்திரனும் அதில் ஒருவர். ஒரு சனிக்கிழமை பகல் அவருக்கு ஓய்வு கிடைத்ததால் வின்டர்தூர்த் தமிழர்கள் ஒரு வரவேற்பு ஒழுங்கு செய்தார்கள். வரவேற்புரை வாசிக்க ரிஷானியைப் பிடித்தார்கள்.

"நீங்கள் கட்டாயம் வரவேணும், அப்பா. அவற்ற பழைய சிநேகிதன். உங்களைக் கண்டா எவ்வளவு சந்தோஷப்படுவார்!"

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. போனார், மூன்றாவது வரிசையில் இருந்தார்.

விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ரிஷானி தமிழில் திக்காமல் வாசித்தாள். தம்பியை முதுகில் சுமந்த அண்ணன் என்று அவள் சொன்ன இடத்தில் சபை கைதட்டியது. குணசேகரம் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராஜேந்திரன் பேச எழுந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அந்த டாவோஸ் கதையை உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ தம்பி" என்று கேட்டார்.

இராஜேந்திரன் காதைத் தடவினார். "எண்பத்தொன்பதாம் ஆண்டு..." என்று தொடங்கிச் சபையைச் சுற்றிப் பார்த்த கண் மூன்றாவது வரிசையில் வந்து நின்றது. தண்ணீர் எடுத்துக் குடித்தார். "அதை இண்டைக்கு விடுவம்" என்று சொல்லிவிட்டு மெல்பேர்ன் ரயில் பாதை பற்றி ஐந்து நிமிடம் பேசி முடித்தார். துக்கத்தில் நிறுத்திவிட்டார் என்று சபை நினைத்தது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

பிறகு மண்டபத்தின் பின்னால், கோட்டுகள் தொங்கும் ஒடுக்கமான இடத்தில் அவர் குணசேகரத்தைத் தேடிப் பிடித்தார்.

"குணா, நீ உயிரோட இருக்கிறது எனக்குத் தெரியாது மச்சான்" என்றார் இராஜேந்திரன்.

"தெரிஞ்சிருந்தா வேற ஆரின்ர தம்பியை எடுத்திருப்பாய்?"

"சத்தமாய்க் கதையாதை." இராஜேந்திரன் வாசல் பக்கம் பார்த்தார். "ஒண்டு சொல்லுறன், கேள். அண்டைக்கு நான் உன்னோட வந்திருக்கவேணும். வரேல்ல. போர்வைக்குள்ள கிடந்து நீ படியால இறங்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தனான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. வராததை ஒரு சபையில எப்பிடிச் சொல்லுறது? முதல்ல மனுசிக்கு, நானும் உன்னோட வந்தமாதிரிச் சொன்னன். பிறகு பிள்ளையளுக்கு. சொல்லச் சொல்ல நான்தான் தூக்கினது எண்டு ஆயிட்டுது."

"நீதான் அண்ணன் எண்டும் ஆயிட்டுது."

இராஜேந்திரன் தலையைக் குனிந்தார். பிறகு, "பாராளுமன்றத்தில தன்னிலை விளக்கம் எண்டு ஒண்டு இருக்கு. எழும்பி நிண்டு, நான் சொன்னது பிழை எண்டு திருத்தலாம். செய்யிறன். கொஞ்சம் அவகாசம் தா" என்றார். சொன்ன மாதிரியிலேயே அவர் அதைச் செய்யப்போவதில்லை என்று குணசேகரத்துக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் "ஓம்" என்றார். இராஜேந்திரன் கைகொடுக்க நீட்டிய கையை வாங்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கோட்டுகளின் மறுபக்கத்தில் ரிஷானி நின்றிருந்தாள். அப்பாவைப் படம் எடுக்கக் கூப்பிட வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் அவர் சொன்னார். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நடுவில் தொடங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் போய், ஒரே வசனத்தை இரண்டு மூன்று தரம் சொன்னார்.  கதவைத் திறக்கும்போது ரிஷானி கேட்டாள்:

"அந்தாள் களவெடுத்தது. ஓம். ஆனா நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல? எனக்கு முப்பத்தொரு வயசு, அப்பா. என்ர சித்தப்பாவுக்கு நான் வேற ஒருத்தற்ற தம்பி எண்டு நினைச்சு அழுதிருக்கிறன்."

அவர் உள்ளே போய்க் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

அந்தக் கோபத்தோடு அவள் விக்டோரியாப் பாராளுமன்றத்தின் சபாநாயகருக்கு, உண்மையில் நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புமுன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். அவர் வேண்டாம் என்றார்.

"ஏன்? அவற்ற பதவி போயிடும் எண்டோ?"

"அவன்ர பதவி எனக்கென்ன."

"அப்ப?"

குணசேகரம் சொன்னார். டாவோஸ் மயானத்தில் ராசாவின் சாம்பல் வைத்த இடத்துக்கு இருபது வருடத் தவணை. தவணை முடிந்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தபோது ரிஷானியின் அம்மா புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. பிறகு போய்ப் பார்த்தபோது அங்கே புல் விதைத்திருந்தார்கள். பெயர் எழுதிய தட்டு இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, எல்லாச் சாம்பலையும் ஒன்றாகப் போடும் ஒரு பொது இடத்தைக் காட்டினார்கள்.

"அந்தப் பேச்சை அங்க அச்சில போட்டு வைக்கிறவை எண்டு நீதானே சொன்னனீ. அதில ராசாவின்ர பேர் கிடக்கு. வேற ஓரிடத்திலையும் இல்லை, பிள்ளை. ஆரின்ர தம்பி எண்டாலும் கிடக்கட்டும்."

"இது நியாயமே இல்லை, அப்பா."

"இல்லைத்தான்."

அவள் கடிதத்தை அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. பாராளுமன்றம் கூடிய ஒவ்வொரு வாரமும் இணையத்தில் அவைக்குறிப்பைத் தேடி வாசித்தாள். இராஜேந்திரன் ரயில் பாதை பற்றிப் பேசினார், பள்ளிக்கூடக் கூரை பற்றிப் பேசினார், ஒரு கேள்வி கேட்டார். தன்னிலை விளக்கம் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு முன் அவை விடுமுறைக்குக் கலைந்தது. ஞாயிறு மதியங்களில் ரிஷானி வருவது குறைந்தது. பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது என்றாள். இருக்கவும் கூடும்.

ஜனவரியில் ராசாவின் திவசம் வந்தது. வருடா வருடம் அந்த நாளில் குணசேகரம் தனியாகச் சமைத்துப் படைப்பார். கேட்டால் தன் அப்பாவின் திவசம் என்பார். இந்த முறை காலையிலேயே ரிஷானி கையில் மரக்கறிப் பையோடு வந்து நின்றாள். வாசலில் பனியைத் தட்டிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள்.

"சித்தப்பாவுக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேட்டாள்.

குணசேகரம் வெங்காயத்தைக் கீழே வைத்தார். யோசித்தார். அவன் வெளுத்த உதடு நினைவு வந்தது, முதுகில் அவனுடைய கனம் நினைவு வந்தது. சாப்பிட உட்கார்ந்த ராசா மட்டும் கண்ணில் வரவே இல்லை. இருபத்தொரு வருடம் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றவனின் விருப்பமான கறி எதுவென்று அவருக்கு நினைவில் இல்லை.

ரிஷானி காத்துக்கொண்டு நின்றாள்.

"கத்தரிக்காய்" என்றார். "பொரிச்சுக் குழம்பு வைச்சா விரும்பித் தின்னுவான்."

அவள் கொண்டுவந்த பையில் கத்தரிக்காய் இல்லை. கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.